செக்கிங்காரர் மகளின் கல்யாண ரவிக்கை

ஆயத்த ஆடை கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் செக்கிங் வேலை பார்த்தவர் அவர். சட்டையை விரித்து, உதறி, திருப்பி, தையல் விட்ட இடம், பட்டன் ஆடுகிற இடம், எண்ணெய்க் கறை என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். குறையே இல்லாத சட்டை கைக்கு வந்தால் அவருக்கு நம்பிக்கை வராது. எதையோ கோட்டை விட்டுவிட்டோம் என்று மறுபடி காலரிலிருந்து ஆரம்பிப்பார். கம்பெனியில் வைத்த பெயர் செக்கிங்காரர். வேலையைச் செருப்போடு வாசலில் கழற்றிப் போடுகிற ஆசாமியும் இல்லை. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பூட்டிய பூட்டை நாலு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தாவது தரம் மனைவியை ஆட்டிப் பார்க்கச் சொல்வார். மனைவிக்குப் பழகிவிட்டது. மகளுக்குத்தான் பழகவில்லை.

பழகாததற்குக் காரணம் உண்டு. அவளுக்கு வந்த முதல் வரன் இவருடைய விசாரணையில்தான் ஓடிப்போனது. பையன் நிஜமாகவே அந்த ஆபீசில்தான் இருக்கிறானா என்று குரலை மாற்றி மாற்றி மூன்று தரம் போன் போட்டார். மூன்றாவது தரம் எடுத்தவன் அந்தப் பையனே. அடுத்த பையனை மகளே பார்த்துப் பிடித்துப்போய் வீட்டுக்கு அழைத்து வந்தாள். "இவரையாவது விட்டுடுங்கப்பா" என்று கண்கலங்கக் கேட்டாள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். ஆனால் சந்தேகம் சும்மா கிடக்குமா? கல்யாண ரவிக்கைமேல் போய் உட்கார்ந்தது.

ரவிக்கை ஆரி வேலைக்குப் போயிருந்தது. துணியை ஃபிரேமில் இறுக்கிக் கட்டி, கொக்கி முனை ஊசியை மேலே இருந்து குத்தி, அடியில் பிடித்த நூலைச் சங்கிலி சங்கிலியாக இழுத்தெடுக்கிற கைவேலை. இரண்டு கைகளிலும் படர்கிற கொடியை மகளே வரைந்து கொடுத்திருந்தாள். வேலை செய்பவளை எல்லோரும் ஆரி அக்கா என்றார்கள். மருந்துக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் நிற்பது செக்கிங்காரருக்கு வழக்கமாயிற்று.

போகும்போதெல்லாம் ஃபிரேம் துணி போட்டு மூடியிருந்தது.

"கொஞ்சம் திறந்து காட்டும்மா."

"இது வேற பொண்ணோடது சார். இதை உங்களுக்குக் காட்டினா, உங்க பொண்ணோடதை நாளைக்கு அவங்களுக்கும் காட்டணும்."

"அது என்ன, 'கும்'முனு சத்தம்? மெஷின் ஏதாவது ஓடுதா?"

"கீழ மருந்துக் கடை ஃப்ரிட்ஜு சார்."

கீழே இறங்கி, தலைவலியே இல்லாமல் தலைவலி மாத்திரை வாங்கியபடி ஃப்ரிட்ஜைக் கவனித்தார். அது சத்தமில்லாமல் நின்றிருந்தது. ஃப்ரிட்ஜ் என்றால் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்கோ குட்டு வெளிப்பட்டுவிட்டது போலிருந்தது.

பழைய சிநேகிதர் கட்டிங் மாஸ்டர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "இப்பல்லாம் பாதிக்குப் பாதி மெஷின்தான்யா. கைவேலைன்னு கதை விடுவாங்க. கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்துப் பாரு. கையால போட்டதுன்னா சரசரன்னு வரும். மெஷின்னா அசையாது."

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ரவிக்கை வீட்டுக்கு வந்தது. மகள் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நின்றாள். அவர் பார்த்தது வேறு. இடது கையிலும் வலது கையிலும் இலைக்கு இலை, வளைவுக்கு வளைவு ஒன்றாகவே இருந்தது. மனுஷக் கை என்றால் ஓர் இடத்திலாவது கோணாதா?

மறுநாள் மத்தியானம் தாயும் மகளும் அழைப்பிதழ் கொடுக்கக் கிளம்பினார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கையின் லைனிங்கை ஒரு தையல் விடாமல் பிரித்தார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தமே அவருக்கு உறுத்தியது. கொடி முடிகிற இடத்தில் இருந்த முடிச்சை ஊசியால் நெம்பி அவிழ்த்து, மெல்ல இழுத்தார்.

சரசரவென்று வந்தது.

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். ஓரத்தில் மட்டும் கையால் போட்டு ஏமாற்றியிருந்தால்? இன்னும் ஒரு சாண் இழுத்தார். வந்தது. நடுவில்தான் மெஷினைக் காட்டியிருப்பாள் என்று இன்னொரு சாண். அதுவும் வந்தது. இலை, மொட்டு, வளைவு எல்லாம் கைவேலை, அப்பழுக்கில்லாத கைவேலை. அவர் மனம் குளிர்ந்து நிமிர்ந்தபோது மடியில் நூல்தான் கிடந்தது. வலது கை மொட்டையாக இருந்தது.

மகள் வந்தாள். பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ ரவிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு ஆரி அக்காவின் மாடியறைக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

ஆரி அக்கா ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தாள். "என்ன சார் ஆச்சு?"

முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் தப்பை எழுதியவருக்குத் தன் தப்பைச் சொல்ல வாய் வரவில்லை. "அது... பீரோ கொக்கியில மாட்டி இழுத்துடுச்சும்மா."

"பீரோ கொக்கி லைனிங்கைக்கூட இவ்வளவு நீட்டா பிரிக்குமா சார்?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் திருதிருவென்று விழித்தார். "கையால போட்டதுதானான்னு பார்த்தேன். கையாலதான் போட்டிருக்கீங்க."

"அது எனக்குத் தெரியும் சார்."

அவளுக்குக் கோபம் வந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு கைக்குப் பதினோரு நாள் ஆகும், நாலு நாளில் முடியாது என்று மகளிடம் மட்டும் சொன்னாள்.

"அப்ப இடது கையையும் பிரிச்சிடுங்க அக்கா," என்றாள் மகள். " ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். கழுத்துல இருக்கற வேலை போதும்."

ஆரி அக்கா லைனிங்கைப் பிரித்தாள், முடிச்சை அவிழ்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நூல் நுனியை அவர் பக்கம் நீட்டினாள். "நான் போட்டது சார். என் கையால இழுக்க மாட்டேன். நீங்களே இழுங்க."

அவர் இழுத்தார். இந்தத் தரம் எதையும் சோதிக்கவில்லை. மகளின் கொடி இலை இலையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். நடுவில் கண்ணீர் மறைத்தது.

"அப்பா," என்றாள் மகள். "அவரையாவது இப்படி இழுத்துப் பார்த்துடாதீங்க."

"மாட்டேம்மா. சத்தியமா மாட்டேன்."

மகள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவள் நம்பவில்லை.