கெட்டுப்போகாத சர்க்கரைக் கரைசல்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் ‘பாட்டில் அக்கா’. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். காலை எட்டரைக்கு வந்து பாட்டில்களைக் கழுவுவாள், கரைசல் கலக்குவாள், அவற்றைக் கிருமி நீக்கும் கொதிகலனில் அவிப்பாள், ஆறியதும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை ஒட்டிக் குளிர் அறையில் அடுக்குவாள். ஆறு ஆராய்ச்சி மாணவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அவள் பாட்டிலை எடுப்பார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

இங்கே வந்து இரண்டு வருஷம்தான். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். அங்கே எந்தக் கரைசல் கெட்டுப்போகும் என்று தோன்றினாலும் சோடியம் அசைடு என்கிற வெள்ளை உப்பைக் கொஞ்சம் போட்டுவிடுவார்கள். பொல்லாத விஷம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஆனால் போட்ட பாட்டிலில் பூஞ்சை எட்டிப் பார்க்காது. கலங்கின பாட்டிலைக் கண்டால் அவளுக்கு அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிற பதற்றம் வந்துவிடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வேலை பழகிய இடத்துப் பழக்கமும் அப்படித்தான்.

இங்கே சர்க்கரைக் கரைசல் ஒன்று அடிக்கடி கலங்கிக்கொண்டே இருந்தது. சமையல் சர்க்கரை அல்ல, பாக்டீரியாவுக்கென்று வாங்குவது. எட்டு மாதம் முன்பு புதிதாகக் கலக்கியபோது, யாரையும் கேட்காமல், அந்த உப்பைக் கரண்டி நுனியில் அள்ளிப் போட்டாள். கரைசல் அதன் பிறகு கலங்கவே இல்லை. அவள் அதை மறந்தும் போனாள்.

அந்தப் பாட்டிலைப் பயன்படுத்துகிறவள் ஒரே ஒருத்திதான், பட்டம் வருவதற்கு முன்பே ‘சின்ன டாக்டர்’ என்று பெயர் வாங்கிவிட்ட மாணவி. நாலு வருஷமாக ஒரே ஆராய்ச்சி. அவள் எழுதிய கட்டுரைக்கு அன்று பத்திரிகையிலிருந்து பதில் வந்திருந்தது. கிட்டத்தட்ட ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சந்தோஷத்தில் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“அப்படி என்னதான்மா கண்டுபிடிச்சே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“பாக்டீரியா உள்ளுக்குள்ள புரதம் செய்யுதுல்ல, அதுல சிலது வெளியே போக வேண்டியது. அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு துண்டு ஒட்டியிருக்கும், பார்சல்ல முகவரிச் சீட்டு மாதிரி. சுத்தியிருக்கிற சவ்வுல வாசல் இருக்கு. ஆனா சுருண்டு மடிஞ்ச புரதம் அதுல நுழையாது. நீட்டி, நூல் மாதிரி நுழைக்கணும்.”

“பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரியா?”

“அதேதான்க்கா! நாடாவைத் தள்ள ஊக்கு வேணும்ல? இங்கேயும் தள்ளி விடறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளும். வெளியே வந்ததும் முகவரித் துண்டைப் பாக்டீரியாவே கத்தரிச்சிடும். புரதத்தை அளவுப்படி பிரிச்சுப் படம் எடுப்போம்ல, துண்டோட இருந்தா அதுல கோடு மேல நிக்கும், கத்தரிச்சிருந்தா கீழ இறங்கும். ஆறு மாசம் முன்னாடிதான் வாசல்ல ஒரே ஒரு இடத்தை மாத்திப் பார்த்தேன். கோடு மேலேயே நின்னுடுச்சு. வாசல் அடைஞ்சுபோச்சு!”

“அந்தச் சர்க்கரை எதுக்கு?”

“அதைக் குடுத்தாத்தான் மாத்தின வாசலைச் செய்ய ஆரம்பிக்கும். சாதாரண பாக்டீரியாவுக்கு அது தேவையில்லை, நான் குடுக்கவும் இல்லை. இப்ப அதுக்கும் சர்க்கரை குடுத்துக் காட்டுன்னு கேட்டிருக்காங்க. சும்மா ஒரு சம்பிரதாயம். பழைய பாட்டில்ல அடியிலதான் இருக்கு, புதுசா கலக்கிக் குடுங்கக்கா.” பிறகு பெருமையாகச் சிரித்தாள். “தள்ளுற புரதத்தை நிறுத்தறது பெரிய விஷயமில்லை. சோடியம் அசைடு கொஞ்சம் போட்டா நின்னுடும். வாசலையே அடைச்சேன் பாருங்க, அதுதான் விஷயம்.”

அக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது. தலையாட்டினாள். குளிர் அறைக்குள் போய் அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கப் படிப்பு தேவையில்லை. வாசல் அடைந்திருக்காது, தன் உப்புதான் தள்ளுகிறதை நிறுத்தியிருக்கும். உப்பில்லாத புதுக் கரைசலைக் கலக்கிக் கொடுத்தால், சாதாரண பாக்டீரியாவில் கோடு ஒழுங்காகக் கீழே இறங்கும். பத்திரிகைக்காரர்களும் திருப்தியாகிவிடுவார்கள். பொய் அச்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தால் போதும். அந்த நினைப்போடு குளிர் அறைக் கதவைச் சாத்தினாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். பள்ளி வேன் ஓட்டுகிறவர். குழந்தைகள் போடுகிற கூச்சலையெல்லாம் பொறுத்துக்கொள்வார், வம்பை மட்டும் பொறுக்கமாட்டார்.

“ஏங்க, சொல்லிடட்டுமா?”

“உன் வேலையை நீட்டிக்கிற காகிதம் யார் மேஜையில இருக்கு?”

“பேராசிரியர் மேஜையில. மாசக் கடைசியில கையெழுத்துப் போடணும்.”

“நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? பேசாம இரு.”

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தாள். சோறு இறங்கவில்லை. உப்பு போட்டோமா இல்லையா என்றே சமையலில் சந்தேகம் வந்து மூன்று தடவை ருசி பார்த்தாள். ஆய்வகத்தில் சின்ன டாக்டர் பாடிக்கொண்டே எதிரில் வந்தால் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் புதுக் கரைசலைக் கலக்கினாள், அவித்தாள், சீட்டு ஒட்டினாள். அதைக் கொண்டுபோய் நீட்டினாள். அந்தப் பெண் வாங்கக் கையை நீட்டியபோது பாட்டிலை விடவில்லை.

“பழைய பாட்டில்ல நான் அசைடு போட்டிருக்கேன்மா.”

சின்ன டாக்டர் முதலில் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுபோனது.

அவள் திட்டவில்லை. பழைய பாட்டிலின் அடியில் இருந்ததையும் புதியதையும் வைத்துச் சோதனையைத் தொடங்கினாள். சாதாரண பாக்டீரியாவுக்குப் பழைய சர்க்கரை, மாற்றிய பாக்டீரியாவுக்குப் புதிய சர்க்கரை. மறுநாள் மத்தியானம் படம் வந்தது. பழைய சர்க்கரை குடித்த சாதாரண பாக்டீரியாவில் கோடு மேலே நின்றது. புதியதைக் குடித்த மாற்றிய பாக்டீரியாவில் கீழே இறங்கியிருந்தது. அதன் வாசலுக்கு ஒரு குறையும் இல்லை.

“நீங்க சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்லக்கா?”

“தெரிஞ்சிருக்காதும்மா.”

“சொல்லாமலே இருந்திருக்கலாம்.” மேஜையில் தலையை வைத்து அழுதாள். நாலு வருஷ அழுகை. அக்கா அவள் முதுகைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். தொடுவதற்குத் தனக்கு என்ன முகம் இருக்கிறது என்று தோன்றியது.

பிறகு அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேராசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “சார், கட்டுரையைத் திரும்ப வாங்கிடணும். சர்க்கரைல அசைடு கலந்திருக்கு. சாதாரண பாக்டீரியாவுக்கும் சர்க்கரை குடுத்து அப்பவே பார்த்திருக்கணும், நான் பார்க்கலை. தப்பு என்னோடது சார்.”

அக்காவின் பெயர் வரவே இல்லை. அவள் காகிதம் பத்திரமாக இருந்தது. இதோடு விட்டுவிட்டால் போதும் என்று ஒரு கணம் மனசு கெஞ்சியது.

“போனை இப்படிக் குடும்மா,” என்று வாங்கினாள். “ஐயா, பாட்டில் அக்கா பேசறேன். அந்த அசைடு நான் போட்டது. கலங்காம இருக்கட்டும்னு போட்டேன்.”

பேராசிரியர் நிதானமாகக் கேட்டார். “இந்த ரெண்டு வருஷத்துல வேற எந்தெந்தப் பாட்டில்ல போட்டீங்க?”

ஒன்றே ஒன்றுதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் குளிர் அறையின் மேல் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. போன மழைக்காலத்தில் கலங்கினவை, அதற்கு முந்திய மழைக்காலத்தில் கலங்கினவை. அவற்றை எடுத்துப் பயன்படுத்துகிற மற்ற ஐந்து பேரின் முகங்கள்.

சின்ன டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளி, ஒரு தாளையும் பேனாவையும் முன்னால் வைத்தாள். அக்கா உட்கார்ந்து முதல் பாட்டிலின் பெயரை எழுதினாள்.