ஈரம் கசிந்த பாலைவனம்

நனைந்த அட்டைப் பெட்டியை ஒரு கிழமை மூடி வைத்துவிட்டுத் திறந்தால் முகத்தில் அடிக்குமே ஒரு நாற்றம், அதோடு புளித்த மாவின் வாடையும் கொஞ்சம் சேர்ந்தால் எப்படியிருக்கும், அதுதான் எனக்கு அந்தச் செம்பாறைகளின் மணம். அமெரிக்காவில் நவஹோ மக்களின் நிலத்தில், வெறும் தரையிலிருந்து கோட்டை கோட்டையாக எழும்பி நிற்கும் அந்த மணற்கற்பாறைகளை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பல் வைத்தியரின் காத்திருப்பு அறை, நாட்காட்டி, கணினித் திரை என்று அவை இல்லாத இடமில்லை. பார்த்தவர்கள் ஆகா என்பார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் நான் வளர்ந்த வீட்டின் ஹோலில் ஒரு சுவர் முழுக்க அந்தப் பாலைவனந்தான் ஒட்டியிருந்தது.

எங்களுக்கு முன்னர் அங்கே குடியிருந்தவர் ஒட்டிவிட்டுப் போன படம் அது. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் பல வீடுகளில் பனைமரக் கடற்கரை, இலையுதிர்காலக் காடு என்று ஏதாவதொன்று சுவரேறி இருக்கும். சுவர்த்தாளுக்கான ஜெர்மன் சொல்லை அம்மாவும் அப்பாவும் வந்த புதிதிலேயே பிடித்துக்கொண்டு, "தப்பேற்ற" "தப்பேற்ற" என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள். துண்டு துண்டாக ஒட்டியவர் அளவு பிசகி ஒட்டியிருந்ததால் மூன்று பாறைகளில் நடுப்பாறை இடுப்பொடிந்து நின்றது. படத்தில் ஒரு மனிதரில்லை, ஒரு வீடில்லை, ஓர் ஆடுகூட இல்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டேன். "அங்கை ஒரு சனமும் இல்லை. வெறும் வெளி" என்றார், ஏதோ நேற்றுத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

எங்கள் சனத்துக்குப் படம் எடுக்கும் பைத்தியம் எவ்வளவென்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். தம்பி கபிலனுடைய பிறந்தநாட்கள், நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு, பேர்லின் நொய்கெல்னிலிருந்து முருகன் கோயில் பிரசாதத்தோடு வந்த அப்பாவின் சிநேகிதர் குடும்பம், எல்லாம் பாறைகளுக்கு முன்னால்தான். என் சடங்குப் படத்தில் பட்டுச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாக நான் நிற்க, தலைக்குப் பின்னால் ஒரு பாறை கொம்பு முளைத்தது போல நீட்டிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்த மாமி, அதாவது அப்பாவின் தங்கச்சி, அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கவலையோடு கேட்டாராம்: "அண்ணை, உங்கை மழை தண்ணியே இல்லையோ?" வீடு முழுக்கச் சிரித்தது. எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

தண்ணீருக்கு என்ன குறை! அந்தச் சுவர் வீட்டின் வடக்குப் பக்க வெளிச்சுவர், வெயிலே படாதது. குசினியில் காலையும் மாலையும் புட்டும் இடியப்பமும் அவியும். ஆவி நேரே ஹோலுக்குத்தான் வரும். குளிர்காலத்தில் தோய்த்த உடுப்பெல்லாம் ஹோலில் கொடி கட்டிக் காயும். தம்பிக்குக் குழந்தையிலிருந்தே "முட்டு", மூச்சு இழுக்கிற வருத்தம். அவனுக்காக அம்மா யூக்கலிப்டஸ் தைலம் விட்டுக் கொதிநீரை அதே சுவருக்குப் பக்கத்தில் வைத்து, தலையில் துவாயைப் போட்டு ஆவி பிடிக்க வைப்பார். இத்தனைக்கும் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஒரு யன்னல் திறக்கப்படாது. திறந்தால் குளிர்காற்று பிள்ளையின் நெஞ்சில் இறங்கிவிடும் என்பது அம்மாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. இங்கே வந்த அத்தனை அம்மாக்களின் நம்பிக்கையும் அதுதான். கீழ்வீட்டு ஜெர்மன் மனுசி பனி கொட்டும் காலையிலும் யன்னல்களை அகலத் திறந்து, போர்வையை விளிம்பில் போட்டு உதறுவார். நீங்களும் திறவுங்கள் என்று ஒருநாள் அம்மாவிடம் சைகையால் சொன்னார். "விசர் மனுசி, அதுக்குப் பிள்ளை குட்டி இல்லை, திறந்து போட்டிருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்த அம்மா, யன்னல் இடுக்கில் அப்பா உடுத்துக் கிழிந்த இன்னொரு பழைய சாரத்தைத் திணித்தார்.

அடைக்க அடைக்கத் தம்பிக்கு இழுப்புக் கூடியது. கூடக் கூட அம்மா இன்னும் இறுக்கி அடைத்தார்.

முதலில் பாலைவனத்தின் அடியில், மணல் தொடங்கும் இடத்தில், மிளகுத்தூள் சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. பிறகு தாளின் ஓரம் ஊறிச் சுருண்டது. இதற்கு அப்பா ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஊரில் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒட்டித் திரிந்த கை அவருடையது. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் களியாகக் காய்ச்சி, பழைய தூரிகையால் ஓரமெல்லாம் பூசி, உள்ளங்கையால் தேய்த்து ஒட்டிவிடுவார். ஊர் வெயிலில் அது காய்ந்து கல்லாகியிருக்கும். இங்கே காயாது. ஈரச்சுவரும் இருட்டும் மாவுமாக, பூஞ்சணத்துக்கு அப்பா வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார். அது தின்று கொழுத்தது. ஒருமுறை பென்சில் விழுந்தது என்று கட்டிலாகவும் பாவித்த எங்கள் சோபாவுக்குப் பின்னால் கையை விட்டேன். சுவர் மெத்தென்று உள்ளே போனது. விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் ஏதோ வழுவழுப்பு, அதில் வெள்ளிநிறப் பூச்சியொன்று நெளிந்தது. சீ, எழுதும்போதே கையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது. அந்தச் சோபாவில்தான் தம்பி படுப்பான், தலை பாறைப் பக்கம்.

வீட்டுக்காரர் ஒரேயொரு தடவை வந்தார். சுவரைத் தொடக்கூட இல்லை. மூக்கைச் சுளித்து, நீங்களெல்லாம் அளவுக்கு மீறிச் சமைக்கிறீர்கள், அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டு, கதவுப் பிடியைத் தொட்ட கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். அப்பா ஒவ்வொரு சொல்லுக்கும் "யா, யா" என்று தலையாட்டினார். எங்கள் விசாவை அப்போது சில மாதங்களுக்கு மட்டுமே நீட்டித் தருவார்கள். நிரந்தர விலாசம் போனால் எல்லாம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. பயம் புரிகிறது. ஆனாலும் அந்தப் பூஞ்சணத்தையும் வீட்டுக்காரரின் கைக்குட்டையையும் விட அந்த "யா, யா" தான் எனக்கு அதிக அரியண்டம், அதிக அருவருப்பு. அவர் போன பிறகு அப்பா பசை காய்ச்சப் போனார்.

தம்பிக்கு ஏழு வயது முடிந்த பிறந்தநாள், நவம்பர் மாதம், வெளியே சிணுசிணுவென்று மழை. ஹோல் நிறையச் சனம், உறைப்பு ரோல்ஸ் பொரித்த எண்ணெய்ப் புகை, ஹீட்டர் உச்சத்தில், யன்னல்கள் எல்லாம் வழக்கம் போல அடைத்தபடி. கேக்கை வெட்டுவதற்கு முன் படம் எடுக்க வேண்டுமென்று எல்லோரையும் நெருக்கி நிறுத்தினார்கள். ஓரத்தில் உரிந்திருந்த தாள் படத்தில் விழக்கூடாதென்று அப்பா தம்பியையே சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார். அவனும் முதுகால் பாலைவனத்தை அழுத்திக்கொண்டு நின்றான். கமரா மின்னியது, இன்னொன்று என்றார்கள், கண் மூடிவிட்டது இன்னொன்று என்றார்கள். பிறகு பார்த்தால் அவன் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. உதடு நீலமாக இருந்தது. சத்தமே வரவில்லை.

அம்புலன்ஸில் வந்த பெண் வாசலில் ஒரு கணம் நின்று மூச்சை இழுத்தாள். பிள்ளையிடம் வருவதற்கு முன்பே, ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய் சாரத்தைப் பிடுங்கி எறிந்து யன்னலைத் திறந்தாள். "சாத்துங்கோ, பிள்ளைக்குக் குளிரும்" என்று கத்திக்கொண்டு அம்மா ஓடிப்போய்ச் சாத்தினார். அவள் மறுபடி திறந்தாள். அம்மா மறுபடி சாத்தினார். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, இரண்டு பெண்கள் ஒரு யன்னலுக்காக மல்லுக்கட்டினார்கள், இருவரும் அவனைக் காப்பாற்றத்தான். கடைசியில் அப்பா அம்மாவைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டார். ஒட்சிசன் முகமூடி மாட்டித் தம்பியைத் தூக்கிப்போனார்கள்.

அவன் பிழைத்தான். வைத்தியசாலையிலிருந்து திரும்பி வருவதற்குள் அப்பா தனியாளாக நின்று தாளை உரித்தார். பாறைகள் பட்டை பட்டையாகக் கழன்று வந்தன. பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு, கம்பளி விரித்தது போல மயிர் முளைத்த கறுப்பு. எனக்கு அங்கேயே ஓங்காளித்துச் சத்தி வந்துவிட்டது. ஆறேழு மாதத்தில் வேறு வீட்டுக்கு மாறினோம். ஆனால் அந்தச் சுவரைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேச்சில்லை. யார் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "அவனுக்குப் பிறப்பிலேயே முட்டு." உறவுக்காரருக்கும் அதுதான், வைத்தியருக்கும் அதுதான், வளர்ந்த பிறகு நான் சண்டை பிடித்தபோது எனக்கும் அதுதான். இன்றைக்கும் சட்டைப் பையில் ஸ்பிரே இல்லாமல் தம்பி வெளியே போவதில்லை. அவன் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை, ஆனால் அந்தப் பதில் வரும்போதெல்லாம் எழுந்து அறையை விட்டுப் போய்விடுவான்.

இப்போது அவன் ரயில் ஓட்டுகிறான். போன வசந்தத்தில், லீவு கிடைக்கிறது, அந்தப் பாறைகளை நேரில் பார்க்கப் போகிறேன், வாறியா அக்கா என்று கேட்டான். சீ, அந்தக் கண்றாவியைக் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பதா என்றேன். தனியே விட மனமில்லாமல் போனேன்.

போன இடத்திலும் அருவருப்புக்குக் குறைவில்லை. திறந்த வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போன வழிகாட்டி என் வயதுப் பெண், நவஹோக்காரி. கூட வந்தவர்களில் புத்தம்புதுக் கௌபாய்த் தொப்பியோடு நம் ஜெர்மனிக்காரர் ஒருவர். சின்ன வயதில் தலையில் இறகு குத்திச் செவ்விந்தியர் வேடம் போட்டு விளையாடிய கதையை வழி நெடுக அவிழ்த்தார், இந்த மக்களைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியுமென்றார். ஒரு பாறையின் காலடியில் வீடொன்று வந்தது. கொடியில் உடுப்பு, ஒரு சின்னச் சைக்கிள், பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி. குழாய் வராததால் வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்புகிறார்களாம். அது என் சின்னம்மாவின் வீடு, தயவுசெய்து படமெடுக்க வேண்டாம் என்றாள் வழிகாட்டி. தொப்பிக்காரர், இதைப் பார்க்கத்தானே வந்தோம் என்று மனைவியிடம் ஜெர்மனில் முனகியபடி படமெடுத்தார். வேண்டாமென்று சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லையா என்று அதே ஜெர்மனில் நான் கேட்டேன். அவர் முகம் புளித்துப் போனது, படத்தை அழிக்கவில்லை. ஒரு சனமும் இல்லை என்று அப்பா சொன்ன வெளியில் ஆட்கள் குடும்பமாக இருக்கிறார்கள். வருகிறவனெல்லாம் அவர்களைச் சுவர்ப்படமாக்கிக் கொண்டுபோகிறான்.

சுற்றி முடிந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேட்டில் நின்றோம். அந்த மூன்று பாறைகளும் அப்படியே எதிரே நின்றன, நடுப்பாறையின் இடுப்பு மட்டும் ஒடியவில்லை. நாற்றத்துக்குத் தயாராக நின்றேன். தம்பி கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்து விட்டான். "அக்கா, மணந்து பார். ஒண்டுமே இல்லை" என்றான். நானும் மூச்சை இழுத்து மணந்து பார்த்தேன். காய்ந்த மண், வேறெதுவும் இல்லை.

அங்கே காலை என்றால் கெல்சென்கிர்ச்சனில் மாலை. அப்பா காலமான பிறகு அம்மா தனியே இருக்கிறார். இருவரும் எங்கே போகிறோம் என்று சொல்லாமலே புறப்பட்டிருந்தோம். தம்பி வீடியோ அழைப்பு எடுத்து, தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, சிரித்தபடி பாறைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரையில் அம்மாவின் முகம் கிட்ட வந்தது. வடிவாயிருக்கு என்று சொல்வார் என நினைத்தேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"தம்பி, உந்தச் சுவரோடை நிக்காதை. இஞ்சாலை தள்ளி வா."

அவனுக்கும் பாறைகளுக்கும் நடுவே மைல் கணக்கில் வெளி கிடந்தது. ஆனாலும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஓமம்மா என்று சொல்லி, மறுபேச்சில்லாமல் என் பக்கமாக நகர்ந்து வந்து நின்றான்.

நாங்கள் குடியிருந்த அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இடித்துவிட்டுப் புல் போட்டிருக்கிறார்கள், நாய்களை மூத்திரம் பெய்ய விடுகிறார்கள், அதற்குத்தான் லாயக்கு. "பிறப்பிலேயே முட்டு" என்ற பேச்சும் அந்த அழைப்புக்குப் பிறகு அம்மா வாயிலிருந்து வந்ததில்லை. போன ஜனவரியில் அவரைப் பார்க்கப் போனேன். எல்லா யன்னல்களும் அகலத் திறந்திருந்தன, அம்மா குளிர்ச்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஹோலில் கதிரையில் இருந்தார். அந்த வீட்டில் இப்போது மூச்சு முட்டுவதற்கு ஆளில்லை. குளிருது அம்மா, சாத்தட்டோ என்று எழுந்தேன்.

"விடு, கிடக்கட்டும்" என்றார்.