மாமா அருவி பார்க்கப் போனது

எங்கள் குப்பம் சாந்தோமுக்குத் தெற்கே, மயிலாப்பூரின் கடலோரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீரில் போனவன் திரும்பாவிட்டால் பிணம் கரை ஒதுங்க வேண்டும். இல்லையென்றால் அவன் தலை மூழ்கியதைக் கண்ணால் கண்ட ஒருவன் வந்து சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் பெண்டாட்டியின் தாலியை இறக்கக் கூடாது. நான் பிறப்பதற்கு முன்னால், காற்றில் அடித்துக்கொண்டு போன ஒருவனுக்குக் கருமாதியெல்லாம் முடித்த பிறகு அவன் நெல்லூர்க் கரையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தானாம். இறக்கிய தாலியை மறுபடி கட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சாகும்வரை ஒரே குடிசையில் இருந்தார்கள். ஒரு கல்யாணத்துக்கும் அவர்களை யாரும் அழைக்கவில்லை. அதன் பிறகு வந்ததுதான் இந்தக் கட்டுப்பாடு.

என் அக்காள் விஷயத்தில் அப்படிக் கண்ணால் கண்டு வந்து சொல்ல வேண்டியவன் நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். பாதிரிமார் பள்ளியில் படித்த இங்கிலீஷால் ஒரு சரக்குக் கப்பலில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அதே கப்பலில் அக்காள் புருஷன், என் மாமா, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டார். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் கனடாவின் வடகிழக்குக் கோடிக்கு மரம் ஏற்றப் போனோம். வழியில் கப்பலைத் தள்ளும் அடிவிசிறி பனிக்கட்டியில் மோதி வளைந்துவிட்டது. பழுது பார்க்கும்வரை ஓர் ஆற்று முகத்தில் சும்மா கிடந்தோம்.

அங்கே மரம் வெட்டும் முகாமைச் சேர்ந்த ஒருவன், ஆற்றோடு மேலே போனால் பெரிய அருவி இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டான். எனக்குப் போக மனமில்லை. மாமா விடவில்லை.

"பொறந்ததுலருந்து தண்ணி எதுத்தாப்பல வர்றதைத்தான்டா பாத்துக்கினு கீறேன். மேலருந்து வுழுறதை ஒரு தபா பாத்துடணும்."

"குளிரு தாங்காது மாமா."

"உனக்கு இன்னா, பேனா புடிக்கிற கை. நான் அடுப்பாண்ட வெந்துக்கினு கீறவன். கொஞ்சம் ஆறட்டும்."

விடியற்காலையில் கிளம்பினோம். அந்தக் காட்டில் ஒரே மாதிரி மரம்தான்; ஊசி ஊசியாக இலை, கறுத்த பச்சை. பறவை கத்தவில்லை. காலடியில் பாசி மெத்தை போல அமுங்கியது. எது தரை, எது சேறு என்று காலை வைத்த பிறகுதான் தெரிந்தது. இடையில் ஒரு குடிசை கிடையாது, ஒரு புகை கிடையாது. மனிதன் இல்லாத இடம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மாமா மட்டும் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அருவியின் இரைச்சல் கேட்கத் தொடங்கியதும் அவரும் நிறுத்திவிட்டார்.

அது குளிக்கிற அருவி அல்ல. டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் பாறை இடுக்கிலிருந்து ஒரே திரளாக விழுந்தது. தெறித்த நீர் உறைந்து சுற்றியிருந்த பாறைகளுக்கெல்லாம் கண்ணாடி போர்த்தியிருந்தது. கீழே மடுவில் நுரை சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் தள்ளி ஆறு ஒரு வெள்ளைப் பனித்தகட்டுக்கு அடியில் நுழைந்தது. அதற்கப்பால் ஆற்றையே காணோம்.

மாமா முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்குப் போனார். திரும்பி என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். ஏதோ சொன்னார், இரைச்சலில் கேட்கவில்லை. வா என்று கையைக் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அப்போது பின்னாலிருந்து அந்த மரவெட்டி என் தோளைத் தொட்டு ஒரு தகரக் குவளையில் தேநீர் நீட்டினான். வாங்கிக்கொண்டு திரும்பினேன். பாறை மட்டும் இருந்தது.

குவளையில் கண்ணாக இருந்த மரவெட்டியும் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. இருட்டும்வரை தேடினோம். மறுநாள் கப்பலிலிருந்து ஆட்கள் வந்து பனித்தகட்டை உடைத்துக் கழி விட்டுத் துழாவினார்கள். கம்பளித் தொப்பிகூட அகப்படவில்லை.

நான் மதராஸ் வந்து சேருவதற்கு முன்பே கம்பெனித் தந்தி வந்திருந்தது. காணவில்லை என்று மட்டும் இருந்ததாம். மறுநாள் காலை அக்காள் மாம்பலத்துக்கு மீன் கூடை எடுத்துப் போகும்போது நானும் கூட நடந்தேன். மந்தைவெளி தாண்டியதும் கேட்டாள்.

"நெஜத்தைச் சொல்லு. உசுரோட கீறாரா?"

"இல்லக்கா."

"எப்டிச் சொல்ற?"

"அந்தத் தண்ணியில வுழுந்தா கையை மடக்கி நீட்டறதுக்குள்ள ஒடம்பு வெறைச்சிடும்."

கூடையை இறக்காமலே என் பக்கம் திரும்பினாள். "அப்போ பாத்தேன்னு சொல்லிடு. தெனம் குங்குமம் வெக்கறப்போ பொணத்துக்குப் பொட்டு வெக்கற மாதிரி கீது."

அன்று மாலை அவள் மாமியார், எனக்கு அத்தை முறை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, பாக்கலன்னு சொல்லு. அது ஒண்ணு போதும்."

மணலில் கட்டுமரங்களுக்கு நடுவே ஊர் கூடியது. தலைவர் கேட்டார்:

"தலை முழுவுனத கண்ணால பாத்தியா?"

ஒரு வார்த்தை போதும். அது நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் எவ்வளவு நினைத்தும் அந்தப் பாறையை வெறும் பாறையாகத்தான் பார்க்க முடிந்தது.

"பாக்கல. ஆனா அவரு பொழைச்சிருக்க முடியாது."

"அத்த நான் கேக்கல."

பனியைப் பற்றி விளக்கினேன். ஆறே ஐஸாக இறுகிப்போகும் என்றேன். பின்வரிசையில் ஒருவன், "இன்னாடா இது, சோடாக் கடை ஐஸ் பொட்டிய ஆத்துல கவுத்துட்டியா?" என்றான். சிலர் சிரித்தார்கள்.

அத்தை எழுந்தாள். "ஐஸுல போட்ட மீனு கெடாதுன்னுதான யாவாரி சொல்றான்? எம் புள்ள மட்டும் எப்டிக் கெடுவான்? ஐஸு கரையட்டும்."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மணலைக் கிளறிக்கொண்டே, "செரி, கரையட்டும். அதுவரைக்கும் தாலி இருக்கட்டும்" என்றார். அக்காள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் முகம் கொடுக்கவில்லை.

முகாம் மேஸ்திரிக்குக் கடிதம் எழுதினேன். கோடை வந்தது. கத்திரி வெயிலில் ஊரே நிழலுக்கு ஒதுங்க, அத்தை மட்டும் வெளியில் உட்கார்ந்திருப்பாள்.

"இந்த வெயிலு அங்கியும் அடிக்குதா நைனா?"

"இந்த அளவுக்கு இல்ல அத்தை. ஆனா கரையும்."

கரைந்தது. பனி விட்டதும் அந்த மரவெட்டியே ஆற்றோரமாக முகத்துவாரம் வரைக்கும் நடந்து பார்த்தான், ஒன்றும் கிடைக்கவில்லை என்று மேஸ்திரி எழுதியிருந்தார். வாசலில் உட்கார்ந்து இருவருக்கும் படித்துச் சொன்னேன்.

அத்தை கேட்டாள்: "அந்த ஆறு எங்க போவுது?"

"கடலுக்கு."

அவள் முகம் தெளிந்தது. "கடலுக்கா? அதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? கடலுன்னா குடுத்துடும். எங்கியாவது ஒரு கரையில ஒதுங்கியிருப்பான்."

அக்காள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த செதிலை உதறிவிட்டு எழுந்து கடலுக்குப் போனாள். ஈரப் புடவையோடு திரும்பியபோது கழுத்திலும் நெற்றியிலும் ஒன்றும் இல்லை. அவள் ஊரைக் கேட்கவில்லை, ஊரும் வரவில்லை. "அது அவ பாடு" என்று தலைவர் சொல்லியனுப்பினார். பெண்கள் அவளை விட்டு ஒதுங்கி நடந்தார்கள். கட்டுமரம் தள்ளும் நேரத்தில் அவள் கரைப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். அதற்காக விடிவதற்கு முன்பே குடிசையை விட்டுக் கிளம்பி, பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்கினாள். மாமியாரோடு ஒரே கூரையின் கீழ்தான் இருந்தாள். வேறு போக்கிடம் இல்லை, இருவருக்கும்.

ஆடி அமாவாசையன்று அக்காள் குளித்துவிட்டு, மாமாவுக்குப் பிடித்த வறுத்த மீனோடு ஒரு பிடி சோறு வாசலில் வைத்தாள். காகம் இறங்கியது. உள்ளேயிருந்து அத்தை துடுப்புக் கழியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"உசுரோட கீறவனுக்கு இன்னாத்துக்குடி காக்காவுக்குச் சோறு?"

காகம் கூரைக்குப் போனது. சிந்திய சோற்றை அக்காள் கூட்டி வைத்தாள். காகம் மறுபடி இறங்கியது. கழி மறுபடி எழுந்தது. அக்காள் என்னைப் பார்க்கவில்லை, அத்தைதான் பார்த்தாள்.

"நீயே சொல்லு நைனா. நீ பாத்தியா?"

"பாக்கல அத்தை" என்றேன்.

சொல்லிக்கொண்டே எழுந்து போய் அவள் கையோடு சேர்த்து அந்தக் கழியைப் பிடித்தேன். அவள் இழுத்தாள், பிறகு அடித்தாள், பிறகு என் தோளில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காகம் தின்று முடிக்கும்வரை நான் கையை விடவில்லை.