அண்ணனுக்குச் சொன்ன நேரம்

விடியற்காலையில் ஈரமணல் மூட்டை ஒன்று தொப்பென்று நிலத்தில் விழும் சத்தம்... உடனேயே வெறுங்கால்கள் ஒழுங்கையில் ஓடத் தொடங்கும் சத்தம். இரண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்க நிற்கக் கூடாது. அதுதான் சோதனையின் விதி.

எழுபதுகளின் கடைசி அது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு, வேலைக் கடிதத்தை எதிர்பார்த்தபடி திருகோணமலையில், ஓர்ஸ் ஹில் பக்கத்து வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அண்ணன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். அவர் சுமந்ததால்தான் நான் கம்பஸ் போனேன்.

அப்போதுதான் துறைமுகத்தில் தீயணைப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. முதுகு முறியத் தேவையில்லை. ஆனால் சோதனையில், ஐம்பது கிலோ வரும் ஒரு அந்தர் மூட்டையைத் தோளில் வைத்து நூறு யார் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அதே மூச்சில் ஒரு மைல் ஓட வேண்டும். எல்லாம் பத்து நிமிடத்துக்குள்.

அண்ணனுக்கு மூட்டை ஒரு பொருட்டில்லை. விடியற்காலையில் வீட்டு ஒழுங்கையில் பழகும்போது ஓட்டம்தான் வரவில்லை. மூட்டையை இறக்கியதும் கால்கள் அவர் பேச்சைக் கேட்காது.

கூட வேலை செய்த கிண்ணியா நஸீர் மதிலில் ஏறி இருந்துகொண்டு நக்கலடிப்பார்.

"ஓடாத மச்சான். ஓடினா சதையெல்லாம் உருகிப் போகும். பிறகு நீ மூட்டையைத் தூக்க ஏலாது, மூட்டைதான் உன்னைத் தூக்கும்."

"நீ வாயால ஓடுறது காணும்டா."

நேரம் பார்க்கும் வேலை எனக்கு. கம்பஸ் போனபோது அண்ணன் வாங்கித் தந்த கைமணிக்கூடு என்னிடம் இருந்தது.

"றோட்டில வந்து நில் தங்கச்சி. அப்பதான் சரியாப் பாக்கலாம்."

"ஏலாது அண்ணா. சனம் பாக்கும்."

அவர் வற்புறுத்தவில்லை. நான் யன்னலுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அரை மைலில் இருந்த மதகைத் தொட்டுவிட்டு அவர் திரும்பி வந்து, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு?" என்று கேட்பார்.

முதல் கிழமை உள்ளதைச் சொன்னேன். பதின்மூன்று... பன்னிரண்டே கால்... பன்னிரண்டு. ஒவ்வொரு முறையும் அவர் முகம் வாடும். குசினிப் படியில் குந்தி இருந்து, பிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

பிறகு பதினொன்றில் வந்து நின்றுவிட்டது. நாட்கள் போயும் குறையவில்லை. ஒருநாள் வரும் வழியில் சத்தி எடுத்துவிட்டு, வெளுத்த உதடுகளோடு யன்னலடிக்கு வந்தார்.

"எவ்வளவு தங்கச்சி?"

மணிக்கூட்டில் பதினொன்று தாண்டியிருந்தது.

"பத்தரை அண்ணா," என்றேன்.

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அன்றைக்கு இரண்டாம் தரமும் பிட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் திரும்பவும் பதினொன்று என்று எப்படிச் சொல்வது? பத்தே கால் என்றேன். பிறகு பத்து. கடைசியில் ஒன்பதே முக்கால்.

"பாத்தியா நஸீர்? ஒன்பதே முக்கால்."

"உண்மையாவோடா? நீ வாற வரத்தைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே."

"என்ர தங்கச்சி படிச்சவள். அவளின்ர கணக்குப் பிழைக்காது."

நான் யன்னலை விட்டு உள்ளே போய்விட்டேன்.

சோதனைக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது அண்ணன் ஓடுவதை நிறுத்திவிட்டார். "வந்திட்டுதுதானே. இனி உடம்பை வருத்தக் கூடாது," என்றார். அந்தப் பத்து நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

சோதனை நாள் மத்தியானம் அவரும் நஸீரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் சேட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். பதினொன்றரை நிமிடமாம்.

"அங்க நேரம் பாத்த ஆளின்ர மணிக்கூடு பிழை. அங்கேயே நிண்டு சொன்னனான். வீட்டில ஒன்பதே முக்காலுக்கு வாறவன் எப்பிடிப் பதினொண்டரைக்கு வாறது?"

நஸீர் என்னை ஒருமுறை பார்த்தார்.

பிறகு இன்னொரு முறையும் ஆள் எடுத்தார்கள். அண்ணன் போகவில்லை. "நீதியில்லாத இடத்துக்கு நான் ஏன் போவான்?" என்றார். தோற்றது ஒருபக்கம்... அவர் திரும்பிப் போகாமல் விட்டதும் என்னால்தான். இன்னும் இருபது வருடத்துக்கு மேல் மூட்டை சுமந்தார். எங்கள் ஊரில் எவ்வளவோ நடந்து முடிந்தது. இன்று அவரால் முதுகை நிமிர்த்த முடியாது. பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார்.

அவர் மகன், என் மருமகன், ஜிம்முக்குப் போகிறான். பாரம் தூக்கிவிட்டு அதே மூச்சில் ஓட்டமெஷினில் ஏற வேண்டுமாம். ஸ்ட்ரெங்த், கார்டியோ இரண்டும் சேர்ந்தால்தான் உடம்பு நிற்கும் என்கிறான். நேரத்தை போன் உள்ளபடி சொல்லிவிடுகிறது. கூடிப்போனால் ஒரு சிரிப்பு. "நாளைக்குப் பாப்பம் மாமி." அவ்வளவுதான்.

ஒரு அந்தர் மூட்டையைத் தூக்கியவர் ஒரு நிமிடத்தைத் தாங்கமாட்டார் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

அண்ணன் முகநூல் பார்ப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுத முடிகிறது.

போன கிழமை மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ என்ன புதுசாச் சொல்லுறாய்? நாங்கள் அப்பவே தூக்கிப்போட்டு ஓடினனாங்கள். ஒன்பதே முக்கால். மாமியிட்டக் கேள், அவள்தான் நேரம் பாத்தவள்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றேன்.