குலுக்கப் பயந்த கை

எங்கள் தொழிலில், கம்ப்யூட்டர் திரையில் வரைபடத்தின் ஒரு மேடு வலப்பக்கம் நகருமா நகராதா என்று பார்த்தே ஆயுசில் பாதி போய்விடும். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்கிற மிஷினோடு மல்லுக்கட்டிய புண்ணியவான்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

விருதுநகரில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடமும் ஒரு வத்தல் குடோனும் அடுத்தடுத்த கட்டடங்கள். மிளகாய் சீசனில் தும்மிக்கொண்டேதான் வேலை நடக்கும். இப்போது இருக்கும் ஊரில் ஏசி அறை, சுத்தமான காற்று. ஆனாலும் அந்தத் தும்மலுக்கு மனசு ஏங்குகிறது.

அங்கேதான் முத்துலட்சுமி எனக்கு உதவியாளராக வந்தாள். விஸ்வநத்தத்துப் பெண். பி.எஸ்சி. முடித்தும் வேலை கிடைக்காமல், அம்மாவோடு பட்டாசு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவளுக்கு விளக்கினேன்: "செல்லைச் சுத்தி இருக்கிற சவ்வு கொழுப்பால ஆனது. அதுல எந்தக் கொழுப்பு கூட இருக்கோ, அதைப் பொறுத்துதான் புரதம் ஒட்டும். அதைப் பார்க்க, பொடி மணிகளுக்கு விதவிதமான கொழுப்பைப் பூசி, ஒளிர்ற சாயம் ஏத்தின புரதத்தோட கலந்து, மிஷின்ல ஓடவிடுவோம். ஒவ்வொரு மணியும் எவ்வளவு ஒளிருதுன்னு மிஷின் அளக்கும். நிறைய ஒட்டினா திரையில மேடு நகரும்." அவள் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மணிக்கு எண்ணெ தேச்சுவிடுற வேலைன்னு சொல்லுங்கக்கா."

நகராத மேடு

அவள் பக்கத்து அறையில் மணிகளைத் தயார் செய்வாள், நான் மிஷினில் ஓட்டுவேன். எந்தக் கலவை பூசினாலும் மேடு ஒரே இடத்தில் நின்றது. புரதத்தை மாற்றினோம், சாயத்தை மாற்றினோம். மிஷினைத் திட்டியும் பார்த்தேன். வாரங்கள் ஓடின. மாசக் கடைசிக்குள் ஒன்றும் தேறாவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்றார் பேராசிரியர். முத்துலட்சுமியின் வேலை இந்த ஆராய்ச்சியை நம்பித்தான் இருந்தது. அன்று அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. "இது போச்சுன்னா திரும்பவும் பட்டாசு மருந்து கலக்குற ரூம்தான்க்கா."

பக்கத்து அறை

மறுநாள் வேறு வழி தெரியாமல் அவள் பக்கத்தில் போய் நின்றேன். குழாயின் அடியில் காய்ந்து படிந்திருக்கும் கொழுப்பில் நீர்க்கரைசலை விட்டு, குலுக்கும் மிஷினில் அழுத்திப் பிடிக்க வேண்டும். பால் மாதிரி கலங்கினால்தான் கொழுப்பு மணியில் ஏறும். அவளோ குழாயை, தூங்குகிற பிள்ளையை இடம் மாற்றிப் படுக்கவைப்பதுபோல் மெல்லச் சாய்த்தாள். கொழுப்பு கண்ணாடியிலேயே கிடந்தது. இத்தனை நாள் நாங்கள் ஓட்டியது வெறும் மணிகளை.

"ஏன் குலுக்கல?"

"எப்படிக்கா குலுக்க? உரசுனாலே வெடிச்சிரும்னு எங்கம்மா மொத நாளே சொல்லிக் குடுத்துச்சு. கை வரமாட்டேங்குது."

அவள் கையைப் பிடித்து மிஷினில் சேர்த்து அழுத்தினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குழாய் அதிர்ந்தது, கரைசல் கலங்கியது, ஒன்றும் வெடிக்கவில்லை. சாயங்காலம் திரையில் கலவைக்குக் கலவை மேடு நகர நகர, எனக்கு அழுகை வந்துவிட்டது.

கம்பெனிக்குள் போன் கூடாது என்பதால், அவள் அம்மா வேலை முடிந்து வெளியே வரும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். ஸ்பீக்கரில் அந்த அம்மா கேட்டார்: "ஏட்டி, இங்கன குலுக்குனா உசுரு போகும், அங்கன குலுக்காட்டி வேலை போகுமா?"