அந்த ஹாரனை நான் அடிக்கவில்லை

2009 ஆகஸ்ட் மாதம். பன்றிக் காய்ச்சல் பயத்தில் சென்னையே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த நேரம். கிழக்குத் தாம்பரத்தில் ரோட்டை ஒட்டி இருக்கும் ஒரு மண் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது.

அப்போது நான் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தேன். கல்லூரியில் ஹாக்கி ஆடியவள். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு ஸ்டிக்கைப் பரணில் போட்டாயிற்று. ஆனால் மைதானத்தை விட மனசு வரவில்லை. அம்பயர் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கத்து டீம்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் மேட்ச்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆண்கள் மேட்சுக்கு ஒரு பொம்பளை அம்பயரா என்று முதலில் சிரித்தவர்கள், நாலு பேருக்கு எச்சரிக்கையாகப் பச்சை அட்டை காட்டியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

காய்ச்சல் செய்தி டிவியில் ஓட ஆரம்பித்ததும் வீட்டில் பேச்சு வந்தது. என் மாமனாருக்கு ஆஸ்துமா. கொஞ்சம் தூசி பட்டாலே ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி தூங்குகிறவர். போகாதே என்று என் கணவர் சொல்லவில்லை. மாஸ்க்கைக் கழட்டாமல் அம்பயரிங் பண்ண முடியுமானால் போ என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மாஸ்க்கைக் கழட்டாமல் விசில் எப்படி ஊதுவது? ஒரு ஞாயிறு முயற்சி பண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபவுலுக்கும் மாஸ்க்கை இறக்கி, ஊதி, மறுபடி ஏற்றி... மண்ணும் வியர்வையுமான கையால் எத்தனை முறை வாயைத் தொட்டேன் என்று எனக்கே தெரியாது. ஊதி முடிப்பதற்குள் பந்து பாதி மைதானம் தாண்டியிருக்கும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் என்னோடு நின்ற இன்னொரு அம்பயர். பம்மலில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். அடுத்த வாரம் ஒரு மஞ்சள் பையிலிருந்து ரெண்டு ரப்பர் ஹாரனை எடுத்தார். மீன்காரர்களும் ஐஸ்காரர்களும் வண்டியில் மாட்டியிருப்பார்களே, கறுப்பு உருண்டையை அமுக்கினால் 'பாம்' என்று கத்துமே, அதேதான். கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று குழாயைப் பட்டறையிலேயே வெட்டிச் சின்னதாக்கியிருந்தார். "வாயி வேணாம் மேடம், கையே போதும்" என்றார்.

முதல் மேட்ச்சில் நான் ஹாரன் அடித்தபோது ரெண்டு டீமும் ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு சிரித்தது. இடைவேளைக்குள் பழகிவிட்டது. கூடவே வேறு சில கட்டுப்பாடுகளும் கொண்டுவந்தோம். கை குலுக்கக் கூடாது, ஸ்டிக்கை ஸ்டிக்கால் தட்டிக்கொண்டால் போதும். அவரவர் தண்ணீர் அவரவருக்கு. ஆடாத நேரத்தில் மாஸ்க் போட்டு ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். கோல் போட்டால் கட்டிப்பிடிக்கக் கூடாது. காய்ச்சலோ இருமலோ இருந்தால் வீட்டோடு இருக்க வேண்டும். முணுமுணுத்தார்கள், ஆனால் கேட்டார்கள். பள்ளிக்கூடங்களையே மூடிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் மேட்ச் மட்டும் நிற்காமல் நடந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

அன்றைக்குத்தான் கடைசி மேட்ச். கீழ்க்கட்டளை டீமும் கோவளம் டீமும் மோதின. கீழ்க்கட்டளைக்காரர்கள் பெரும்பாலும் ஆபீஸ் வேலையில் இருப்பவர்கள். நல்ல ஷூ, நல்ல ஸ்டிக். கோவளத்துப் பையன்கள் கடலுக்குப் போகிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட ஆட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மணலில் ஓடி ஓடிப் பழகிய கால்கள். கட்டாந்தரையில் அவர்களைப் பிடிக்க முடியாது. புள்ளிக் கணக்கில் முன்னால் இருந்த கீழ்க்கட்டளைக்கு டிரா ஆனாலே அந்த வருஷக் கோப்பை. கோவளம் ஜெயித்தே ஆக வேண்டும்.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள்தான் பாக்கி. ரெண்டு பக்கமும் கோல் இல்லை. அம்பயர்கள் நாங்கள் ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி மைதானம் பார்ப்போம்; என் பாதியில்தான் கீழ்க்கட்டளையின் கோல் இருந்தது. கோவளத்தின் சென்டர் ஃபார்வர்ட், ஒல்லியாக உயரமாக ஒரு இளைஞர், நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஒருவரைத் தாண்டினார். கோல் முன்னால் இருக்கும் அரை வட்டத்துக்குள் நுழைந்தார். எதிரே தடுத்து ஆடும் கீழ்க்கட்டளையின் பேக், அவருக்குப் பின்னால் கோல்கீப்பர். நான் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

'பாம் பாம்' என்று ஹாரன் சத்தம்.

நான் அடிக்கவில்லை. சத்தம் வந்தது எனக்குப் பின்னால் ரோட்டிலிருந்து. என்னை அறியாமல் தலையைத் திருப்பிவிட்டேன். வேலிக்கு வெளியே ஒரு மொபெட், பின்னால் மீன் கூடை, லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் மறுபடி திரும்பியபோது பந்து கோலுக்குள் இருந்தது. கீழ்க்கட்டளை பேக்கும் கோல்கீப்பரும் ஸ்டிக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நிமிஷம் மைதானமே என்னைச் சுற்றி நின்றது. அம்பயர் ஹாரன் அடித்ததாக நினைத்துத்தான் நின்றோம் என்றது ஒரு பக்கம். அம்பயர் அடிக்காதபோது ஆட்டம் எப்படி நிற்கும், கோல் கோல்தான் என்றது இன்னொரு பக்கம். மாஸ்க், ஒரு கை தூரம், எல்லாம் பறந்தது. இதற்குள் விஷயம் இன்னும் மோசமானது. மொபெட்டில் வந்தவர் அந்த சென்டர் ஃபார்வர்டின் சொந்தத் தாய்மாமாவாம். சேலையூர் பக்கம் மீன் விற்க வந்தவர், மருமகன் பந்தோடு ஓடுவதைப் பார்த்த சந்தோஷத்தில் ஹாரனை அமுக்கியிருக்கிறார். இது தெரிந்ததும் கீழ்க்கட்டளை பேக், திட்டம் போட்டுப் பண்ணியிருக்கிறார்கள், மீன் விக்கிற புத்தியைக் காட்டிவிட்டார்கள் என்று சத்தமாகச் சொன்னார்.

சொன்னதுதான் தாமதம், கோவளத்துப் பையன்கள் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்தார்கள். ஹாக்கி ஸ்டிக் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஹாரனை அமுக்கி, அமுக்கி, விடாமல் அமுக்கினேன். எல்லோரும் அவரவர் பாதிக்குப் போனால்தான் முடிவு சொல்வேன் என்று கத்தினேன். போனார்கள். ரெண்டு கேப்டன்களையும் மட்டும் கூப்பிட்டுத் தள்ளித் தள்ளி நிற்க வைத்தேன். கோவளத்துக்குக் கேப்டன் அந்த சென்டர் ஃபார்வர்டேதான்.

பம்மல்காரர் எதிர்க் கோடியிலிருந்து ஓடி வந்தார். பந்து உள்ளே போனதைப் பார்த்தேன், யார் எப்போது நின்றார்கள் என்பது அங்கிருந்து தெரியவில்லை என்றார். என் நிலைமை அதைவிட மோசம். பக்கத்திலேயே இருந்தும் அந்த முக்கியமான நொடியில் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச் சத்தத்தால் ஆட்டம் உண்மையிலேயே தடைபட்டிருந்தால் கோல் கிடையாது. தடைபடவில்லை, டிஃபென்ஸ்தான் கவனம் தப்பியது என்றால் கோல். எதைச் சொன்னாலும் அது என் ஊகம்தான். அம்பயருக்கு அதைவிடக் கேவலம் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஃபார்வர்ட் பேசினார்.

"அக்கா, நானும் நின்னேன். சத்தம் கேட்டுச்சு, காலு தானா நின்னுபோச்சு. உன் கையப் பாத்தேன், நீ அமுக்கல. அப்பொறந்தான் அடிச்சேன்."

அவருடைய டீம் ஆள் ஒருவர் பின்னாலிருந்து பதறிப்போய், இன்னாடா சொல்லிகினு கீற என்றார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நின்னவன் மேல கோல் போட்டு கோப்பைய எடுத்துகினு போனா, நம்ம ஊர்லயே சிரிப்பாங்க. வேணாம். மறுக்கா ஆடலாம்."

அதில் தியாகம் செய்கிற தொனி எதுவும் இல்லை. கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த பந்து ஆயிற்றே. கீழ்க்கட்டளை கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். தூரத்தில் அந்த பேக், ஷூ லேஸைக் கட்டுவதுபோல் உட்கார்ந்துவிட்டார்.

கோல் இல்லை என்று அறிவித்தேன். இந்த மாதிரி சமயத்துக்கு ஹாக்கியில் 'புல்லி' என்று ஒன்று உண்டு. ரெண்டு பேர் எதிரெதிரே நின்று, பந்துக்கு மேலே ஸ்டிக்கோடு ஸ்டிக் தட்டிவிட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவார்கள். கோவளத்திலிருந்து அதே ஃபார்வர்ட் வந்தார். கீழ்க்கட்டளையிலிருந்து யார் வருவார்கள் என்று பார்த்தேன். அந்த பேக்கே எழுந்து வந்தார். குனிந்து ஸ்டிக்கை வைக்கும்போது ஏதோ மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. "சரி வுடு மச்சான், ஆடு" என்று இவர் சொன்னது மட்டும் கேட்டது.

மிச்சமிருந்த நிமிஷங்களில் கோவளத்துப் பையன்கள் முட்டி மோதினார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல் விழவில்லை. டிரா. கோப்பை கீழ்க்கட்டளைக்கு. கைதட்டியதில் பாதிக்கு மேல் யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும்.

பாவம், அந்த மாமா. வேலியோரம் மொபெட்டிலேயே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் போனதும், என்னாலதானேம்மா புள்ளைங்களுக்குக் கோப்பை போச்சு என்று கண் கலங்கினார். ஹாரன் உங்கள் தொழிலுக்கானது அண்ணே, நாங்கள்தான் அதே மாதிரி ஒன்றை மைதானத்துக்குக் கொண்டுவந்து குழப்பினோம் என்றேன். அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. மருமகன் வந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வா மாமா, வெயில்ல மீனு கெட்டுப்பூடும், போய் மிச்சத்த வித்துட்டு வூட்டுக்குப் போலாம் என்று பின்னால் ஏறிக்கொண்டார். தோற்ற மாதிரியே இல்லை அவர் முகம். கூடையை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, இன்னொரு கையால் எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து, வாசல் குழாயிலேயே கைகால் கழுவி, குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மாமனார் எட்டி உட்கார்ந்தபடியே யார் ஜெயித்தது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அந்தப் பையன் வீட்டில் நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம் எங்கள் வீட்டிலும் சரி, ஆடிய டீம்களிலும் சரி, யாரும் படுக்கையில் விழவில்லை. அது எங்கள் கட்டுப்பாட்டாலா, அதிர்ஷ்டத்தாலா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகும் பல வருஷம் அம்பயரிங் செய்தேன். முன்பெல்லாம் ஆடுகிறவர்களைக் கண்காணிக்கத்தான் நான் அங்கே நிற்கிறேன் என்று நினைப்பேன். எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு அம்பயரின் கண்ணுக்குத் தப்புகிற நொடி ஒன்று இருந்தே தீரும், அந்த நொடியில் ஆட்டத்தைக் காப்பாற்றுவது ஆடுகிறவர்களின் மனசுதான் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.