கதவம்மா திறக்காத பெட்டி

கருத்தரிப்பு மருத்துவமனையின் ஆய்வகத்தில் கருக்களைக் கவனித்துக்கொள்ளும் அவளை எல்லோரும் கதவம்மா என்றுதான் சொல்வார்கள். கருக்கள் வளரும் இன்குபேட்டர் பெட்டியின் கதவை யாராவது சும்மா திறந்தால் போச்சு, உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். திறந்தால் உள்ளே சூடு இறங்கிவிடும், கரு தாங்காது. பெரிய டாக்டரே ஒருமுறை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். கரு உருவாகிவிட்டதா என்று முதலில் ஒரு பார்வை, அப்புறம் ஐந்தாம் நாள்தான். நடுவில் யார் கெஞ்சினாலும் அசைய மாட்டாள். அந்தப் பிடிவாதத்தைச் சும்மா சொல்லக் கூடாது. அதனால் பிழைத்துப் பிறந்த பிள்ளைகள் இன்று ஊரெல்லாம் ஓடித் திரிகிறார்கள்.

அந்த வாரம் பெட்டிக்குள் இருந்தது அவள் நாத்தனாரின் கரு. இருந்ததே ஒன்றுதான். இனி முட்டை எடுக்க வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மூன்றாம் நாள்தான் கண்டம். அதுவரை கருவின் பிழைப்பு ஓடுவது, அம்மா முட்டைக்குள் வைத்து அனுப்பிய சரக்கில். அது தீர்வதற்குள் கருவின் சொந்த மரபணுக்கள் விழித்து வேலையில் இறங்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்ற எத்தனையோ கருக்களை அவள் பார்த்திருக்கிறாள்.

அன்று மதியம் நாத்தனார் போனில் அழுதாள். “அண்ணி, ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. நெஞ்சு அடிச்சுக்குது.”

“மாட்டேன்மா.”

அடுத்து கணவன். “என் தங்கச்சியைவிட உனக்கு அந்தக் கதவு பெருசா போச்சா?”

போனை வைத்துவிட்டாள். கல்நெஞ்சக்காரி என்று வீட்டில் பேசியிருப்பார்கள். பேசட்டும். ஆனால் ஆய்வகத்துக்குள் வந்ததும் அவள் கை நேராகப் பெட்டியின் கைப்பிடிக்குப் போனதை யார் கண்டார்கள்? பிடித்தும்விட்டாள். அப்புறம் வெடுக்கென்று கையை இழுத்து, மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு, அறையை விட்டே போய்விட்டாள். வீட்டில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலை திறந்தாள். மைக்ரோஸ்கோப்பின் கீழே கரு நீர் கோத்த பந்தாக உப்பியிருந்தது. குழந்தையாகப் போகிற செல்கள் உள்ளே ஒரு பக்கமாகக் கூடியிருந்தன. நஞ்சுக்கொடியாகப் போகிறவை சுற்றிலும். அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனாரை வரவழைத்துத் திரையில் காட்டினாள். “அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாடு தீந்துபோச்சு. இப்ப அதுவே அடுப்பு மூட்டிருச்சு, பாரு.”

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. “அன்னைக்கே பாத்துச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும், அண்ணி?”

“பாத்திருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் நிம்மதியா இருந்திருக்கும்,” என்றாள் கதவம்மா. “அதுக்குக் குளிர்ந்திருக்கும்.”